சிறார் பாதுகாப்பும் புகையிலைச் சட்டங்களும் (இந்தியா)

பதினெட்டு வயது நிறையாத ஒருவருக்குச் சிகரெட், பீடி, சுருட்டு, மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை என எதை விற்றாலும் இந்தியாவில் அது குற்றம். பள்ளி, கல்லூரிகளின் வெளிச்சுவரிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள்களை யாருக்கு விற்பதும் குற்றம். அவற்றைச் செய்தித்தாள், தொலைக்காட்சி, சுவர், பதாகை வழியாக விளம்பரப்படுத்துவதும் குற்றமே. இந்த மூன்று தடைகளையும் நாடு முழுவதற்கும் சேர்த்துக் கொண்டுவந்தது 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம். அதற்கு முன்னால் எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட முயற்சிகள் இருக்கின்றன. அதற்குப் பின்னால் இருபது ஆண்டுகளாக நீதிமன்றங்களில் நடந்த போராட்டம் இருக்கிறது. இந்த வரலாறு முழுவதிலும் ஒரு ஏற்றத்தாழ்வு தெரிகிறது. விளம்பரத்தைக் கட்டுப்படுத்துவதில் அரசு பெரிதும் முன்னேறியிருக்கிறது. சிறுவனின் கையில் சிகரெட்டைக் கொடுக்கும் கடைக்காரரைத் தடுப்பதில் அந்த முன்னேற்றத்தில் பாதிகூட இல்லை.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலம்

சிறுவர்கள் புகைப்பதைத் தடுக்கும் சட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல நாடுகளில் அடுத்தடுத்துத் தோன்றின. இயந்திரத்தில் சுற்றிய மலிவான சிகரெட் கடைகளுக்கு வந்த காலம் அது. ஜப்பான் 1900இல் இருபது வயதுக்குட்பட்டவர்கள் புகைப்பதைத் தடைசெய்தது. பிரிட்டனின் 1908ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சிகரெட் விற்பதைக் குற்றமாக்கியது. தெருவில் புகைக்கும் சிறுவனிடமிருந்து சிகரெட்டைப் பறிக்கும் அதிகாரத்தைக் காவலர்களுக்கும் தந்தது.

அந்தச் சட்டத்தின் சாயல் இந்தியாவுக்கும் வந்தது. பஞ்சாப் மாகாணம் 1918இலும் வங்காள மாகாணம் 1919இலும் சிறார் புகைபிடித்தல் சட்டங்களை இயற்றின. இரண்டிலும் வயது வரம்பு பதினாறு. விற்பவருக்கு அபராதம், சிறுவனிடம் இருக்கும் புகையிலையைக் காவல் அதிகாரி பறிமுதல் செய்யலாம். அக்காலத்தில் இது உடல்நலப் பிரச்சினையாக அல்லாமல் ஒழுக்கப் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு 1950களில்தான் மருத்துவ ஆய்வுகளில் உறுதிப்பட்டது. வங்காளச் சட்டம் வங்கதேசத்தில் 2005 வரை நடைமுறையில் இருந்தது. விடுதலைக்குப் பிந்தைய இந்தியா முழுவதுக்குமான வயது வரம்பு ஒன்று வருவதற்கோ 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1975ஆம் ஆண்டுச் சட்டம்

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தேசிய அளவிலான புகையிலைக் கட்டுப்பாடு 1975இல் வந்த சிகரெட் சட்டம். சிகரெட் பெட்டியிலும் விளம்பரத்திலும் புகைபிடிப்பது உடல்நலத்துக்குக் கேடு என்ற சட்டப்படியான எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த எச்சரிக்கை சிறிய எழுத்தில் பெட்டியின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. பெரும்பாலான பெட்டிகளில் அது ஆங்கிலத்திலேயே இருந்ததால் எழுத்தறியாதவருக்கும் பிள்ளைகளுக்கும் அதனால் பயன் ஏதும் இல்லை.

சட்டத்தின் பெரிய குறைகள் இரண்டு. ஒன்று, அது சிகரெட்டை மட்டுமே தொட்டது. நாட்டில் மிக அதிகமானோர் பயன்படுத்திய பீடியும் மெல்லும் புகையிலையும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. மற்றொன்று, வாங்குபவரின் வயதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பத்து வயதுப் பையன் காசைக் கொடுத்துப் பீடிக்கட்டு கேட்டால் கடைக்காரர் மறுக்க வேண்டிய சட்டக் கடமை எதுவும் அப்போது நாட்டின் பெரும்பகுதியில் கிடையாது. அப்பாவுக்காகவோ மாமாவுக்காகவோ கடைக்குப் போய்ப் பீடி வாங்கி வருவது தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகளின் அன்றாட வேலைகளில் ஒன்றாக இருந்த காலம் அது.

பீடித் தொழிலில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பது பற்றி மட்டும் சட்டம் முன்பே பேசியிருந்தது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களைத் தொழிற்கூடங்களில் அமர்த்துவதைத் தடைசெய்தது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் பீடி சுற்றுவதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பீடி வீடுகளில் சுற்றப்படும் தொழில். வீட்டுக்குள் குடும்பத்தோடு சேர்ந்து சுற்றும் பிள்ளையை அந்தச் சட்டங்கள் எட்டவில்லை.

மைதானமும் தொலைக்காட்சியும்

அகில இந்திய வானொலியும் தூர்தர்ஷனும் சிகரெட் விளம்பரங்களை ஏற்பதில்லை. இதழ்களின் பின்னட்டைகளும் சாலையோரப் பதாகைகளும் மட்டும் போதாது என்று கண்ட நிறுவனங்கள் விளையாட்டின் பக்கம் போயின. 1990களில் இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் வில்ஸ் என்ற பெயர் இருந்தது. 1996ஆம் ஆண்டு உலகக் கோப்பையே வில்ஸ் உலகக் கோப்பை என்று அழைக்கப்பட்டது. தூர்தர்ஷன் சிகரெட் விளம்பரத்தை மறுத்தாலும் மட்டையாளரின் மார்பில் இருந்த சிகரெட் பெயரை நாள் முழுவதும் காட்டியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பெரும் பகுதியினர் பள்ளிப் பிள்ளைகள்.

இதன் விளைவைக் கோவாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். சிகரெட் நிறுவனம் ஆதரித்த கிரிக்கெட் தொடர் ஒன்றைப் பார்த்த பதின்வயது மாணவர்களிடம் கேள்விகள் கேட்டுத் தொகுத்த அவர்களது கட்டுரை 1996இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆட்டத்தைப் பார்த்தவர்களிடையே புகைபிடித்துப் பார்க்கும் நாட்டமும், புகைப்பதற்கும் நன்றாக ஆடுவதற்கும் தொடர்பு உண்டு என்ற தவறான எண்ணமும் வளர்ந்ததாக அவர்கள் எழுதினர். விளம்பரம் ஏற்கெனவே புகைப்பவரை ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாற்றுவதற்காக மட்டுமே என்று உலகெங்கும் இத்தொழில் சொல்லிவந்த வாதத்துக்கு இந்திய வகுப்பறைகளிலிருந்து கிடைத்த மறுப்பு அது. விளம்பரத் தடைக்கான முயற்சிகளில் இந்த ஆய்வுக்கு உரிய இடம் உண்டு.

1990களின் பிற்பகுதியில் மாநிலங்களும் நீதிமன்றங்களும் முந்திக்கொண்டன. தில்லி 1996இல் இயற்றிய சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதையும் கல்வி நிலையங்களுக்கு அருகில் விற்பதையும் தடைசெய்தது. கோவா 1997இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொது இடங்களில் புகைப்பதற்கு எதிராகக் கேரள உயர் நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. 2001 நவம்பரில் முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே தடையை நாடு முழுவதுக்கும் விரித்தது. 2000இல் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகளில் செய்த திருத்தம் தனியார் அலைவரிசைகளில் புகையிலை, மது விளம்பரங்களை நிறுத்தியது. 2001இல் புதிய மசோதா நாடாளுமன்றத்துக்கு வரும் வேளையில், கிரிக்கெட்டின் ஆதரவாளராக இருந்த ஐடிசி நிறுவனம் விளையாட்டு ஆதரவிலிருந்து விலகுவதாக அறிவித்தது. தமிழ்நாடும் புகைபிடித்தல், எச்சில் உமிழ்தல் ஆகியவற்றைத் தடைசெய்யும் தனிச் சட்டம் ஒன்றை இக்காலத்தில் இயற்றியது.

2003ஆம் ஆண்டுச் சட்டம்

மாநிலங்களவையில் 2001இல் அறிமுகமான மசோதா 2003இல் நிறைவேறி, அந்த ஆண்டு மே 18 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. உலகச் சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை அதே மாதம்தான் ஏற்கப்பட்டது. இந்தியா 2004 பிப்ரவரியில் அதை உறுதிசெய்தது. குழந்தைகளும் இளையோரும் புகையிலைக்கு அடிமையாகாமல் காக்குமாறு உலகச் சுகாதார மன்றம் 1986இல் விடுத்த கோரிக்கையைச் சட்டத்தின் முகப்புரையே நினைவூட்டுகிறது. சட்டம் யாருக்காக என்பதில் அதை எழுதியவர்களுக்கு ஐயம் இருக்கவில்லை.

1975ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த இச்சட்டம் பீடி, சுருட்டு, குழாய்ப் புகையிலை, மூக்குப்பொடி, குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா ஆகிய எல்லாவற்றையும் உள்ளடக்கியது. ஐந்தாம் பிரிவு விளம்பரத்தையும் விளையாட்டு முதலியவற்றுக்கு ஆதரவளித்துப் பெயர் பரப்புவதையும் தடுத்தது. ஆறாம் பிரிவு விற்பனையைப் பற்றியது. அதன் முதல் உட்பிரிவு பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதைத் தடைசெய்தது; இது 2004 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதைத் தடுக்கும் இரண்டாம் உட்பிரிவு அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறையானது.

100 கெஜம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர். பள்ளியின் வாசலிலிருந்து சாலை வழியாக அளப்பதல்ல இது. வெளிச்சுவர் அல்லது வேலியின் எல்லாப் புறத்திலிருந்தும் ஆரமாக அளக்க வேண்டும் என்று விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. பின்சுவருக்கு அப்பால், வேறொரு தெருவில், பள்ளிக்கு முதுகைக் காட்டி நிற்கும் கடையும் வட்டத்துக்குள் வரும். நெருக்கமான நகரங்களில் ஒரு பள்ளியின் வட்டம் அடுத்த பள்ளியின் வட்டத்தைத் தொட்டுவிடும். சென்னை, மதுரை போன்ற ஊர்களின் பழைய பகுதிகளில் இந்த விதியை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தினால் புகையிலை விற்கத் தகுந்த கடைகள் மிகச் சிலவே மிஞ்சும். விதி எழுதப்பட்ட நோக்கமும் அதுவே.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பது தண்டனைக்குரியது என்ற பலகையைக் கடையில் வைக்க வேண்டும் என்றும், வாங்குபவரின் வயதில் ஐயம் இருந்தால் சான்று கேட்கலாம் என்றும் விதிகள் கூறின. 2011இல் செய்த திருத்தங்கள் இன்னும் நுணுக்கமானவை. சிறுவர்கள் கையால் எடுத்துவிடும்படி புகையிலைப் பொருள்களை அடுக்கி வைக்கக் கூடாது, தானியங்கி இயந்திரங்களில் விற்கக் கூடாது, பதினெட்டு வயதுக்குட்பட்டவரை விற்க வைக்கவும் கூடாது. கடைசி விதி முக்கியமானது. பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் பெட்டிக்கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கும் மகனும் மகளும் நம் ஊர்களில் ஏராளம். அந்த வேளையில் அவர்கள் சிகரெட் எடுத்துக் கொடுத்தாலும் குற்றம் கடையை நடத்தும் பெரியவருடையது.

யாருக்காக வாங்குகிறார் என்பதைச் சட்டம் கேட்பதில்லை. வீட்டுப் பெரியவருக்காக வாங்க வந்ததாகச் சிறுவன் சொன்னாலும் விற்பனை குற்றமே.

இவ்வளவு கவனமாக எழுதிய சட்டம் தண்டனைப் பகுதியில் தளர்ந்துவிட்டது. ஆறாம் பிரிவை மீறி விற்பவருக்கு அதிகபட்ச அபராதம் 200 ரூபாய். விளம்பரத் தடையை மீறினால் முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அடுத்த முறை 5 ஆண்டு வரை சிறையும் 5000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சிறுவனுக்கு விற்பவரும் பேருந்து நிலையத்தில் புகைப்பவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே அளவு தவறு செய்தவர்கள்: இருவருக்கும் 200 ரூபாய். 2003இலேயே சிறிய தொகை அது. இருபது ஆண்டு விலைவாசி உயர்வுக்குப் பிறகு, ஒரு கடைக்காரர் சில பெட்டிகளை விற்ற லாபத்தில் கட்டிவிடக்கூடிய தொகையாகக் கரைந்துவிட்டது. நாடாளுமன்றம் அதை இதுவரை மாற்றவில்லை.

கடை வாசலில் எஞ்சிய விளம்பரம்

ஐந்தாம் பிரிவு விளம்பரத்துக்கு இரண்டு விலக்குகளை விட்டது: பொருளின் மேலுறை, விற்கும் கடையின் வாசலும் உட்புறமும். மற்ற கதவுகள் மூடியதும் தொழிலின் விளம்பரச் செலவு கடை வாசலுக்குத் திரும்பியது. ஒளிரும் பெயர்ப்பலகைகளும் சிகரெட் பெட்டிகளின் வண்ணத்தில் தீட்டிய கடை முகப்புகளும் பெருகின. பெட்டிக்கடையில் மிட்டாய்ப் புட்டிகள் ஒரு பக்கம், சிகரெட் அடுக்கு ஒரு பக்கம், பற்றவைக்கத் தொங்கும் கயிறு ஒரு பக்கம். மிட்டாய் வாங்க வரும் குழந்தையின் கண்ணுக்கு நேராகவே அந்தப் பலகை இருந்தது.

அரசு விதிகளைக் கொண்டு இதை இறுக்கியது. பலகையின் அளவை 60க்கு 45 சென்டிமீட்டர் எனக் குறைத்து, பின்னொளி கூடாது, பொருளின் வகையைத் தவிர வணிகப் பெயரோ படமோ கூடாது, புகையிலை புற்றுநோயை உண்டாக்கும் என்பது போன்ற எச்சரிக்கை மேலே இருக்க வேண்டும் என்று 2005இல் திருத்தம் வந்தது. விற்பனையாளர்கள் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006இல் இடைக்காலத் தடை கிடைத்தது. அந்த இடைக்காலத் தடை ஏழு ஆண்டுகள் நீடித்தது. தன்னார்வ அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்ற பிறகு, 2013 ஜூலையில்தான் அது விலக்கப்பட்டது. விதி எழுதப்பட்டபோது பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது பதினெட்டு ஆகியிருந்தது. அந்தப் பிள்ளையைக் காக்க எழுதிய விதி, அதன் பிள்ளைப் பருவம் முழுவதும் உறங்கிக் கிடந்தது.

மேலுறை பற்றிய போராட்டமும் இதே போக்கில் சென்றது. படத்துடன் கூடிய எச்சரிக்கை பலமுறை தள்ளிப்போய் 2009 மே 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது மேலுறையின் முன்பக்கத்தில் 40 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 2016 ஏப்ரல் முதல் இரு பக்கமும் 85 விழுக்காடு என உயர்ந்தது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்து, பெரிய படங்களைக் காப்பாற்றியது. இன்று பெட்டியின் மீது நிறுவனத்தின் பெயருக்கு எஞ்சியிருப்பது சிறு துண்டு இடம்தான்.

திரைப்படங்கள்

2004இல் மத்திய சுகாதார அமைச்சராகப் பொறுப்பேற்ற அன்புமணி ராமதாஸ் திரையைத் தொட்டார். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2002இல் ரஜினிகாந்தின் பாபா வெளியானபோது, அவர் சிகரெட்டைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் பாணி இளைஞர்களைக் கெடுக்கிறது என்று அன்புமணியின் பாட்டாளி மக்கள் கட்சி கடுமையாக எதிர்த்தது. அந்தப் பாணியைப் பள்ளிப் பையன்கள் சுண்ணக்கட்டியை வைத்துப் பழகிய தலைமுறை இன்று நடுவயதில் இருக்கிறது. ரசிகர்களுக்கு அந்த எதிர்ப்பு அரசியலாகப் பட்டது. ஆனால் திரையில் நாயகர் புகைப்பதைப் பார்க்கும் சிறுவர்கள் தாமும் புகைத்துப் பார்க்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

2005 மே 31 அன்று வெளியான அறிவிக்கை திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் புகையிலைக் காட்சிகளையே தடைசெய்தது. திரைப்பட இயக்குநர் மகேஷ் பட் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு அளித்ததால் மூன்றாம் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலிடம் வழக்கு போனது. 2009 ஜனவரியில் அவர், இந்தத் தடை பேச்சுரிமைக்கும் கலைஞரின் வெளிப்பாட்டு உரிமைக்கும் எதிரானது என்று விதியை ரத்துசெய்தார். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது.

முழுத்தடை நிலைக்காது என்று கண்ட அரசு நடுவழியைத் தேர்ந்தது. 2011 அக்டோபரிலும் 2012 செப்டம்பரிலும் வந்த விதிகளின்படி, புகையிலைக் காட்சி உள்ள படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் 30 விநாடி உடல்நலக் குறும்படமும் 20 விநாடி எச்சரிக்கையும் வர வேண்டும். காட்சி ஓடும்போது திரையின் கீழே எழுத்து எச்சரிக்கை நிற்க வேண்டும். வணிகப் பெயர்கள் தெரியக் கூடாது. படத்தின் சுவரொட்டியிலும் விளம்பரத்திலும் புகைக்கும் காட்சி கூடாது. தமிழ்நாட்டில் திரையரங்குக்குப் போகும் எந்தக் குழந்தைக்கும் அந்தக் குறும்படங்களின் வசனங்கள் மனப்பாடம். அவற்றைக் கேலிசெய்து பேசினாலும், புகையிலையின் பெயரோடு நோயின் முகம் சேர்ந்தே பதிகிறது. இந்த எளிய ஏற்பாடு முழுத்தடையைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கலைஞரின் உரிமையைத் தொடாமலே அது பிள்ளையின் காதில் பேசுகிறது.

சுவரொட்டி விதி 2018இல் பரவலாகக் கவனம் பெற்றது. விஜய் நடித்த சர்கார் படத்தின் முதல் சுவரொட்டியில் அவர் புகைக்கும் காட்சி இருந்தது. தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை படக்குழுவுக்கு அறிவிப்பு அனுப்பிய பிறகு, தயாரிப்பு நிறுவனம் அதைச் சமூக ஊடகப் பக்கத்திலிருந்து நீக்கியது. இணையவழித் தொடர்கள் பல ஆண்டுகள் இந்த விதிகளுக்கு வெளியே இருந்தன. 2023 மே 31 அன்று வெளியான அறிவிக்கை அவற்றையும் சேர்த்தது. அது அந்த ஆண்டு செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

மறைமுக விளம்பரம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. குட்காவின் பெயரிலேயே ஏலக்காய்ப் பொட்டலமும் புகையிலை கலக்காத பான் மசாலாவும் தயாரித்து, அவற்றை விளம்பரப்படுத்தும் வழக்கம் பரவியது. கிரிக்கெட் ஒளிபரப்பின் இடையே பெரும் நடிகர்கள் தோன்றும் விளம்பரங்கள் அவை. அமிதாப் பச்சன் 2021இலும் அக்‌ஷய் குமார் 2022இலும் பொதுமக்களின் கண்டனத்துக்குப் பின் இத்தகைய ஒப்பந்தங்களிலிருந்து விலகினார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூன் வழிகாட்டுதல்கள் மறைமுக விளம்பரங்களைத் தடைசெய்தன. உடல்நல எச்சரிக்கை தேவைப்படும் பொருள்களுக்கான விளம்பரங்களில் திரை, விளையாட்டு, இசைப் புகழாளர்கள் குழந்தைகளைக் கவரும்படி தோன்றக் கூடாது என்றும் அவை கூறின.

குட்காவும் உதட்டில் வைக்கும் பொட்டலமும்

மெல்லும் புகையிலையின் வரலாறு தனிப்பாதையில் நடக்கிறது. அது ஒன்றிரண்டு ரூபாய்ப் பொட்டலமாக வந்தது. புகை இல்லை, நாற்றமும் குறைவு. வகுப்பறையில் வாயில் அடக்கிக்கொள்ளலாம். மாணவர்களிடம் பரவ இவ்வளவு போதுமாக இருந்தது.

தமிழ்நாடு அரசு 2001 நவம்பரில் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குட்காவைத் தடைசெய்தது. அப்படிச் செய்த முதல் மாநிலங்களில் அது ஒன்று. 2004இல் கோதாவத் பான் மசாலா வழக்கில், நிலையான தடை விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு அச்சட்டத்தில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியதால் அந்தத் தடைகள் விழுந்தன. உணவுப் பொருளில் புகையிலையோ நிக்கோட்டினோ கலக்கக் கூடாது என்ற விதி 2011இல் வந்த பின் மாநிலங்கள் மறுபடி முயன்றன. மத்தியப் பிரதேசம் 2012இல் தொடங்க, தமிழ்நாடு 2013 மே மாதம் தடையை மீண்டும் கொண்டுவந்து ஆண்டுதோறும் நீட்டித்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கைகளை ரத்துசெய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததால் தடை தொடர்கிறது.

தடை இருந்தும் மெல்லும் புகையிலையான ஹான்ஸ், உதட்டில் வைக்கும் கூல் லிப் போன்ற பெயர்கள் தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு நன்கு தெரிந்தவை. அண்டை மாநிலங்களிலிருந்து கடத்தி வரப்பட்டு, பள்ளிகளைச் சுற்றியுள்ள கடைகளில் மறைவாக விற்கப்படுகின்றன. பள்ளி மாணவர்களிடையே கூல் லிப் பழக்கம் பரவியிருப்பது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் கவலை தெரிவித்தது. அதைப் பாதுகாப்பற்ற உணவு என்று அறிவித்து நாடு முழுவதும் தடுக்க முடியாதா என்ற கேள்வியையும் எழுப்பியது. பக்கத்து மாநிலத்தில் வெளிப்படையாக விற்கும் பொருளை ஒரு மாநிலம் மட்டும் தடுத்து வெல்வது கடினம் என்பதை இருபது ஆண்டு அனுபவம் காட்டுகிறது.

ஒற்றைச் சிகரெட்டும் தண்டனையும்

பிள்ளைகள் பெட்டியாகச் சிகரெட் வாங்குவதில்லை. ஒன்று வாங்குகிறார்கள். இந்தியாவில் சிகரெட்டின் பெரும் பகுதி ஒற்றையாகவே விற்கிறது. ஒற்றைச் சிகரெட்டில் 85 விழுக்காட்டுப் படம் இல்லை, விலை கைச்செலவுக்குள் அடங்குகிறது, கையில் பெட்டி இல்லாததால் வீட்டில் பிடிபடும் அச்சமும் இல்லை. மேலுறையில் அரசு வென்ற ஒவ்வொரு வெற்றியையும் இந்த விற்பனை முறை பிள்ளைகளைப் பொறுத்தவரை பயனற்றதாக்குகிறது. பஞ்சாப், கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்கள் ஒற்றை விற்பனையைத் தடைசெய்து ஆணையிட்டன. நாடு முழுவதற்குமான தடையும் வயது வரம்பை 21 ஆக்குவதும் 2015ஆம் ஆண்டு வரைவுத் திருத்தத்திலும் 2020 டிசம்பர் 31 அன்று வெளியிட்ட வரைவிலும் இடம்பெற்றன. முதல் வரைவு திரும்பப் பெறப்பட்டது. இரண்டாவது சட்டமாகவில்லை.

தண்டனையின் பற்றாக்குறையை வேறொரு சட்டம் வழியாக நிரப்பும் முயற்சி 2015இல் நடந்தது. அந்த ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்தது. முந்தைய 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் இப்பிரிவில் புகையிலை இருக்கவில்லை. ஆக, 2016 ஜனவரி முதல் ஒரே செயலுக்கு இரண்டு சட்டங்கள்: ஒன்றில் 200 ரூபாய், மற்றொன்றில் ஏழாண்டுச் சிறை. ஒரு பெட்டிக்கடைக்காரரை ஏழாண்டு உள்ளே அனுப்பக் காவலர்கள் தயங்குவார்கள். 200 ரூபாய்க்குக் கடைக்காரர் அஞ்சமாட்டார். இடையில் உரிமம் ரத்து, கடை மூடல் போன்ற படிப்படியான தண்டனைகள் இருந்திருந்தால் சட்டம் உயிரோடு இயங்கியிருக்கும். சிறார் நீதிச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் நிலைமையை மேலும் சிக்கலாக்கியது. மூன்று முதல் ஏழாண்டு வரையிலான குற்றங்களை அது காவல்துறை நேரடியாக வழக்குப் பதிய முடியாத வகைக்கு மாற்றியதால், நீதித்துறை நடுவரின் அனுமதி இல்லாமல் விசாரிக்க முடியாத நிலை வந்தது. குழந்தை உரிமை அமைப்புகள் இதை எதிர்த்தன.

கண்காணிப்பின் பெரும் பங்கு இப்போது பள்ளிகளின் தோளில் விழுந்திருக்கிறது. 100 கெஜத்துக்குள் விற்பனை தடை என்ற பலகையைப் பள்ளிகள் வைக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டு விதிகள் கூறின. 2019ஆம் ஆண்டின் புகையிலையற்ற கல்வி நிலைய வழிகாட்டுதல்கள், 100 கெஜ எல்லையைச் சாலையில் மஞ்சள் கோடாக வரைவது, ஆசிரியர், மாணவர்களிலிருந்து கண்காணிப்பாளர்களை அமர்த்துவது போன்ற வேலைகளைச் சேர்த்தன. கோட்டுக்குள் இருக்கும் கடையை மூடும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு இல்லை. அது உள்ளாட்சி, காவல், உணவுப் பாதுகாப்புத் துறைகளிடம் சிதறிக் கிடக்கிறது.

விளைவுகள்

மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் ஏதேனும் ஒரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்துவோர் 2009இல் 14.6 விழுக்காடாகவும் 2019இல் 8.5 விழுக்காடாகவும் இருந்ததாக உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பு காட்டியது. அதே கணக்கெடுப்பில் வேறொரு செய்தியும் உண்டு: சிகரெட் பிடித்த மாணவர்களில் 38 விழுக்காட்டினரும் பீடி பிடித்தவர்களில் 47 விழுக்காட்டினரும் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். வயது வரம்பை 18இலிருந்து 21ஆக உயர்த்துவது மட்டும் இவர்களை எட்டாது என்பதை அந்த எண்கள் சொல்கின்றன. பெரியவர்களிடையே நாடு முழுவதும் பயன்பாடு 2009–10இல் 34.6 விழுக்காட்டிலிருந்து 2016–17இல் 28.6 விழுக்காடாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் மட்டும் அது 16.2இலிருந்து 20 விழுக்காடாக உயர்ந்தது.

அண்மைய மாற்றங்கள்

புகையிலை எரியாமல் நிக்கோட்டின் ஆவியைத் தரும் மின் சிகரெட்டுகளை இந்தியா வயது வரம்பின்றி முழுவதுமாகத் தடைசெய்தது. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாகத் தொடங்கி டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி, தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. மறுமுறை 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தமிழ்நாடு அதற்கு முந்தைய ஆண்டே தடைவிதித்திருந்தது.

வயது வரம்பில் வேறு சில ஆசிய நாடுகள் முன்னே சென்றுவிட்டன. இலங்கையின் 2006ஆம் ஆண்டுப் புகையிலை, மதுசாரச் சட்டம் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதைத் தடைசெய்தது. சிங்கப்பூரில் 2021 முதல் அதே வரம்பு. இந்தியாவில் கர்நாடகம் மத்தியச் சட்டத்துக்குத் தன் மாநிலத்துக்கான திருத்தம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 2025 மே மாதம் வெளியிட்டது. அதன்படி அங்கே வயது வரம்பு 21. ஒற்றைச் சிகரெட் விற்பது குற்றம். 200 ரூபாய் அபராதம் 1000 ரூபாயாகியிருக்கிறது. மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் 2003ஆம் ஆண்டின் தொகையையும் வயதையுமே பின்பற்றி வருகின்றன.